நம் சாலையில் நடந்தவர்கள்



பொன்விழா மலர் என்றால் அதில் ஆலயம் எழுந்த வரலாறு இருக்கும். அடிக்கல் நாட்டியவர், கொடிமரம் கொடுத்தவர், மணி வாங்கித் தந்தவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். இங்குப் பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசை இருக்கும். அவை யாவும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் முறையாக இடம் பெற்றுள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. நம் ஆலய வாசலுக்கு அப்பால் வடக்கு நோக்கி ஓடும் பெரிய சாலையின் வரலாறு. அச்சாலையில் கூட்டங் கூட்டமாக நடந்து போனவர்களின் வரலாறு. அவர்களுள் ஒருவர் பெயரும் நம் பங்குப் பதிவேட்டில் இல்லை. ஆயினும் அவர்களை விட்டுவிட்டு நம் வரலாற்றை எழுதினால் அது குறையுள்ளதாகவே இருக்கும் என்று நமக்குத் தோன்றியது.

மலர்க் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், "விழா மலரில் இது எதற்குச் சாமி? நல்லதை மட்டும் எழுதினால் போதாதா?" என்று அன்போடு கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அதற்கு நாம் தரும் விடையே இக்கட்டுரை.

இரு வகை நடை

நடந்து செல்லும் மக்களைக் காண்பது நமக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசியில், காவி உடை அணிந்து, செபமாலையைக் கழுத்தில் இட்டு, மாதாவின் சிறு தேரைத் தள்ளிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்போரை நாம் அறிவோம். நம் பங்கிலிருந்தும் இளைஞர்கள் போகின்றனர். 29ஆம் நாள் கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தநாள் பெருவிழாவுக்கோ போய்ச் சேர வேண்டும் என்று, வெயிலையும் இடையிடையே அடிக்கும் மழையையும் பாராது நடக்கின்றனர். ஆடி மாதத்தில் பெரியபாளையத்துக்கு வேப்பிலையோடு நடக்கும் இந்துச் சகோதரர்களையும் நாம் காண்கிறோம். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம், மோர் கொடுக்கிறோம், காலில் கொப்புளம் கண்டவருக்கு மருந்து தடவுகிறோம். இது நல்ல மரபு.

ஆனால் நேர்த்திக்கடனுக்காக நடப்பவருக்கு வீடு என்று ஒன்று இருக்கிறது. போகும்போதுதான் அவர் நடக்கிறார்; திரும்பும்போது பேருந்தில் வருகிறார். இருக்கும் இடத்தில் இருக்க முடியாமல் நடப்பவர் நிலையோ வேறு. அவர் கண்முன் திருத்தலம் இல்லை. பின்னால் பசி இருக்கிறது. விவிலியத்தில் இந்த இரண்டாவது வகை நடையே மிகுதி. எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ராயேல் மக்கள் புளிக்காத மாவைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தனர். திருக்குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிற்று. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டில் புலம்பெயர்ந்தோரைப் பற்றி வெளியிட்ட சாசனத்தில், அகதியாய்ச் சென்ற அந்த நாசரேத்துக் குடும்பத்தையே உலகின் அகதிகள் அனைவருக்கும் முன்மாதிரியாகவும் காவலாகவும் வைத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்த இரண்டாம் வகையினர் மூன்று காலங்களில் நடந்ததை இங்குச் சுருக்கமாகச் சொல்லுவோம். முதலாவது பஞ்சத்தில், இரண்டாவது போரில், மூன்றாவது நம் கண்ணெதிரில்.

சாலையும் இருப்புப்பாதையும்

சென்னையையும் கல்கத்தாவையும் இணைக்கும் இச்சாலையைப் பெரியவர்கள் இன்றும் ஜி.என்.டி. ரோடு என்றே சொல்லுகின்றனர். செங்குன்றம் தாண்டி, காரனோடையில் கொசஸ்தலையாற்றைக் கடந்து, பிறகு ஆரணியாற்றையும் கடந்து, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லைக்குச் செல்லுகிறது. நெடுங்காலம் 5ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்து, 2010ஆம் ஆண்டு எண்கள் மாற்றப்பட்டபோது 16ஆம் எண்ணைப் பெற்றது. அதற்குத் துணையாகப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை, கூடூர் வழியாக ஹௌரா வரை இருப்புப்பாதை செல்லுகிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். இம்மூன்றும் வடக்கும் தெற்குமாக ஓடுபவை. ஆகவே வடநாட்டிலிருந்து சென்னைக்கு வருவோரும் சென்னையிலிருந்து வடக்கே போவோரும் நம் நிலத்தை மிதிக்காமல் போக இயலாது.

தாது வருடத்து நடை

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. அவ்வாண்டு தமிழ்க் கணக்கில் தாது வருடம். ஆகையால் அதன் பின் வந்த கொடுமையை நம் முன்னோர் 'தாது வருடப் பஞ்சம்' என்றனர். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். ஏரி வறண்டு, மாடு செத்து, விதைநெல்லும் தீர்ந்தபின் மக்கள் ஊரை விட்டுப் புறப்பட்டனர். நகரத்தில் தானியம் இருக்கிறது என்ற பேச்சே அவர்களுக்கு வழிகாட்டியது. பட்டணத்தை நோக்கி நடந்தவர்களில் பலர் வழியிலேயே விழுந்தனர். கடற்கரையில் அயல்நாட்டு அரிசியும் வடநாட்டு அரிசியும் மூட்டை மூட்டையாகக் கிடந்த காலத்திலேயே அவர்கள் அவ்வாறு விழுந்தனர் என்பது வரலாறு.

நடந்து வந்தவர்களுக்கு அன்றைய அரசு கொடுத்தது வேலையோடு கூடிய கூலி. 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நாளெல்லாம் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டிச் சுமப்பவனுக்கு அது உயிரைப் பிடித்து வைக்கவும் போதவில்லை என்று அக்காலத்து மருத்துவர்களே எதிர்த்து எழுதினர்.

அந்தக் கூலிக்காரர்களின் கைவேலை ஒன்றை நாம் இன்றும் காண்கிறோம். எண்ணூர், பழவேற்காடு வழியாகச் செல்லும் கால்வாய் அதற்கு முன்பே பகுதி பகுதியாக வெட்டப்பட்டிருந்தது. ஆனால் சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரம் விடுபட்டுக் கிடந்தது. 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக அத்துண்டு வெட்டப்பட்டு, வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாயின. அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கால்வாய்க்குக் கோமகன் பெயர் நின்றது; வெட்டியவர் பெயர் எதுவும் நிற்கவில்லை. நடந்து வந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது.

பர்மா நடை

இரண்டாவது நடை நம் சாலையில் தொடங்கியதன்று. ஆனால் அதன் முடிவு நம் இருப்புப்பாதை வழியாகவே வந்தது.

பிழைப்புத் தேடிப் பர்மாவுக்குச் சென்ற இந்தியர் தொகை 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அரிசி ஆலையில் உழைத்தவர், வயலில் நாற்று நட்டவர் ஆகியோரில் தெலுங்கரும் தமிழரும் மிகுதி. 1941 டிசம்பர் 23ஆம் நாள் சப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். கிறிஸ்துமசு நாளன்று மீண்டும் வீசினர். மக்கள் பதறி வெளியேறினர். துறைமுக வேலை நின்றுவிடுமே என்று அஞ்சிய அதிகாரிகள், வடக்கே நடக்கத் தொடங்கிய தொழிலாளரைத் திருப்பி நகருக்கு அனுப்பப் பார்த்தனர். 1942 மார்ச் 8ஆம் நாள் ரங்கூன் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. மற்றவர் நடந்தனர்.

ஏறத்தாழ 5 இலட்சம் பேர் தரைவழியே இந்தியாவுக்கு வந்தனர் என்பர். ஒரு பகுதியினர் புரோம் நகரிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து கடற்கரையை அடைந்து சிட்டகாங் சேர்ந்தனர். அவ்வழியில் வாந்திபேதி வாரிக்கொண்டு போயிற்று. மற்றொரு பகுதியினர் மாந்தலே வழியாகத் தமு, இம்பால் சேர்ந்து திமாப்பூரில் இரயில் ஏறினர். ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்து வைத்ததால் 'வெள்ளைச் சாலை, கறுப்புச் சாலை' என்ற பேச்சு எழுந்து, இந்தியாவில் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கடைசியாகப் புறப்பட்டவர்கள் வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாகப் பாங்சாவ் கணவாயைக் கடந்து அசாமின் லேடோவுக்கு வர வேண்டியிருந்தது. மே மாதம் பிறந்ததும் அங்கே மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் அளவுச் சேறு. கரை புரண்ட காட்டாறுகள். அட்டை, கொசு, மலைக்காய்ச்சல். ஆற்றில் வெள்ளம் வடியும்வரை கரையில் காத்திருந்தவர்கள், அரிசி தீர்ந்து அங்கேயே மடிந்தனர். மாண்டோர் தொகையைப் பத்தாயிரம் என்பாரும் ஐம்பதாயிரம் என்பாரும் அதற்கு மேல் என்பாரும் உண்டு.

நம் இளமையில் எங்கள் ஊரில் 'பர்மா தாத்தா' என்று ஒரு முதியவரை அழைப்போம். ஐப்பசி மழை தொடங்கினால் அவர் திண்ணையை விட்டு இறங்கமாட்டார். கணுக்காலைச் சுற்றிக் கறுத்த தழும்புகள். சிறுவர்களாகிய நாங்கள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்போம். நனைந்து முளைவிட்ட அரிசியைத் தின்றதையும், வேட்டியைக் கிழித்துக் கயிறாக்கி ஆற்றைக் கடந்ததையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்லுவார். அவரோடு நடந்து வந்த ஒரு தோழர், காய்ச்சலில் இனி நடக்க முடியாது என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் நடந்துகொண்டே இருந்தனர், இவரும் நடந்தார். "பசியெல்லாம் மறந்து போச்சு தம்பி. அவன் உட்கார்ந்திருந்த மரம் மட்டும் மறக்கவே இல்லை" என்பார். அதன் பொருள் அந்நாளில் நமக்கு விளங்கவில்லை. விளங்கிய நாளைப் பின்னர்ச் சொல்லுவோம்.

திமாப்பூரில் இரயில் ஏறிக் கல்கத்தா வந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்தவர்கள், கூடூர், சூலூர்ப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகவே வந்தனர். அந்த இரயில் பெட்டிகளைப் பார்த்தவர் யாரேனும் நம் ஊர்களில் அன்று இருந்திருப்பர்.

கத்திரி வெயிலில்

இனி மூன்றாவது நடை. இதற்கு நாமே சாட்சிகள்.

2020 மார்ச்சு 24ஆம் நாள் இரவு, மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாட்களுக்கு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது. பயணிகள் இரயில்கள் அதற்கு இரண்டு நாள் முன்பே நின்றுவிட்டன. கொரோனா என்ற தொற்றுநோயைத் தடுக்க அது தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. நம் ஆலயமும் மூடப்பட்டது. குருத்து ஞாயிறும் பெரிய வெள்ளியும் ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்ப்புப் பெருவிழாவும் மக்கள் இன்றிக் கழிந்தன. வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பூசை வைத்த அந்த வேதனையை நாம் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய வேதனை நம் தொழிற்பேட்டையில் இருந்தது. இரும்பு உருக்காலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்த பீகார், ஒடிசா, சார்க்கண்டு, வங்காளம், அசாம், உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் ஓர் அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்கியிருந்தனர். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலோ மேற்கு ஒடிசாவின் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளை குட்டிகளோடு வந்து தங்கியிருந்தன. ஆலை நின்றது, கூலி நின்றது. இவர்களைக் கூட்டி வந்த மேஸ்திரிகள் சிலர் தொலைபேசியை எடுக்கவில்லை. குடும்ப அட்டையோ சொந்த ஊரில். எந்த மாநிலத்து அட்டைக்கும் இங்கே பொருள் பெறலாம் என்ற திட்டம் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்ததே 2020 அக்டோபரில்தான். அரசு முகாம்களிலும் பல சபைகளிலும் உணவு கொடுத்தனர். எனினும் 21 நாள் என்றது மே 3 ஆயிற்று. பிறகு 17 ஆயிற்று. பிறகு 31 ஆயிற்று. நாள் தள்ளிப் போகப் போக நம்பிக்கை தேய்ந்தது.

மே 1ஆம் நாள் தொழிலாளருக்கான தனி இரயில்கள் தொடங்கின. அவற்றில் ஏறப் பெயர் பதிவு செய்ய வேண்டும். அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்பது தெரியாமல் பலர் திகைத்தனர். உழைப்பாளரைப் போகவிட்டால் வேலை நின்றுவிடுமே என்ற எண்ணமும் சில இடங்களில் குறுக்கே நின்றது. கருநாடகத்தில் கட்டட முதலாளிகளைச் சந்தித்தபின் அம்மாநில அரசு தனி இரயில்களை இரத்துச் செய்து, கண்டனம் எழுந்தபின் மீண்டும் விட்டது. ரங்கூன் துறைமுகத்தில் 1942இல் நடந்ததை அறிந்தவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது.

ஆகவே அவர்கள் நடந்தனர். மே 4ஆம் நாள் கத்திரி தொடங்கியது. தார்ச்சாலை காலை ஒன்பது மணிக்கே கொதிக்கும். பகலில் புளியமரத்தடியிலும் பாலத்தின் அடியிலும் படுத்து, இரவில் நடந்தனர். சிலர் மிதிவண்டி வாங்கி அதில் போயினர். சிலர் சோதனைச் சாவடியைத் தவிர்க்கவும் வழி தவறாதிருக்கவும் இருப்புப்பாதை மேலேயே நடந்தனர். அவ்வாறு நடந்து, இரயில் ஓடாது என்று நம்பித் தண்டவாளத்தில் உறங்கிய 16 பேர், மே 8ஆம் நாள் விடியலில் மராட்டியத்தின் ஔரங்காபாத் அருகே சரக்கு இரயிலில் அடிபட்டு இறந்ததை நாடே அறியும். வங்கக் கடலில் உருவான அம்பன் புயல் மே 20ஆம் நாள் வங்காளத்தில் கரை கடந்தது. அது நம் பகுதிக்கு மழை தரவில்லை. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போய், வெயிலை மேலும் ஏற்றிற்று. அந்நாட்களில் இங்கிருந்து வங்காளத்துக்கு நடந்தவர்கள், இங்கே அனலிலிருந்து புறப்பட்டு அங்கே புயலால் இடிந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தனர். கும்மிடிப்பூண்டியிலிருந்து புவனேசுவரம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கல்கத்தா அதற்கும் அப்பால்.

நம் கேட்டுக்கு வந்தவர்கள்

இப்போது நம் தவறுக்கு வருகிறோம்.

மே மாதம் இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு. மாதாவின் மாதமாகையால் தனியே செபமாலை சொல்லி முடித்துப் படுக்கப் போன நேரம். பதினொரு மணி இருக்கும். ஆலயக் கேட்டைத் தட்டும் ஒலி கேட்டது. காவல்காரப் பெரியவர் ஓடி வந்து, "வடநாட்டுப் பையனுங்க சாமி, இருபது பேர் இருப்பாங்க. தண்ணி கேக்குறாங்க. ராத்திரி தாழ்வாரத்துல படுத்துக்கலாமான்னு சைகை காட்டுறாங்க" என்றார்.

நாம் மாடியில் நின்று பார்த்தோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் முதுகுப் பைகளோடு நின்றிருந்தனர். ஒருவர் மற்றொருவரின் தோளைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். நமக்கு அச்சம் வந்தது. அவ்வாரம் கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து நோய் பல ஊர்களுக்கும் பரவியிருந்தது. யாரையும் உள்ளே விடலாகாது என்பது விதி. விதி நமக்குச் சாதகமாக இருந்தது. "கேட்டைத் திறக்க வேண்டாம். குடத்தில் தண்ணீர் வெளியே வையுங்கள்" என்றோம். பெரியவர் நம் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவ்வாறே செய்தார். அவர்கள் குடித்தனர். குடத்தைக் கவிழ்த்துக் கேட்டின் ஓரமாக வைத்துவிட்டு, வந்த வழியே பெருஞ்சாலைக்குப் போயினர். ஒருவரும் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை.

காலையில் கேட்டின் அருகே வார் அறுந்த இரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. ஒற்றைச் செருப்பு. அதைக் கண்டபோதுதான் பர்மா தாத்தாவின் மரம் நமக்கு விளங்கிற்று.

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போன குரு, அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனதைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறோம். குருமடத்தில் அப்பகுதிக்கு விளக்கம் படித்தபோது, அவர் தீட்டுக்கு அஞ்சி விலகியிருக்கலாம் என்று கற்றோம். அவருக்கும் ஒரு விதி சாதகமாக இருந்தது! அவரும் கெட்டவர் அல்லர், அஞ்சியவர். அவ்வளவே. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு அசிசியில் கையொப்பமிட்ட சகோதரத்துவச் சுற்றுமடல், ஓர் அதிகாரம் முழுவதும் இந்த நல்ல சமாரியன் உவமையையே எடுத்து விளக்குகிறது. அதைப் படித்தபோது நாம் எந்தப் பாத்திரம் என்பதைத் தேட வேண்டியிருக்கவில்லை.

திறந்த கூடம்

அன்று காலையே பங்குப் பேரவையினர் சிலரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னோம். ஒருவரும் நம்மைக் குறை கூறவில்லை; கூறியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞரும் முன்வந்தனர். அதிகாரிகளிடம் முறைப்படி அனுமதி கேட்டோம், கிடைத்தது. பள்ளிக்கூடக் கூடத்தைத் திறந்தோம். ஆளுக்கு ஆறடி இடைவெளி விட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டனர். வாசலில் சோப்பும் தண்ணீரும். சாலையோரத்தில் இரவு பத்து மணி முதல் விடியும்வரை பந்தல். எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, மோர், உப்புச் சர்க்கரைத் தண்ணீர், பழைய செய்தித்தாளில் சுற்றிய புதுச் செருப்பு.

முதல் நாள் சமைக்க வந்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் 1990 முதல் உள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்த நான்கு தாய்மார். "நாங்களும் ஒரு பையோட வந்தாக்கள்தான் ஃபாதர்" என்றார் ஒருவர். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. வெங்காயம் அரியத் தொடங்கிவிட்டனர். இரண்டாம் நாளிலிருந்து மசூதித் தெருவிலிருந்து ஒரு குடும்பம் பிஸ்கட்டும் பழமும் அனுப்பிற்று. அம்மன் கோயில் தெரு இளைஞர்கள் தங்கள் திருவிழாவுக்கு வைத்திருந்த அண்டாக்களைக் கொடுத்தனர்.

எத்தனை பேருக்குச் சோறு போட்டோம் என்று நாம் கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் அதைப் பெருமையாக இங்கு அச்சிட்டிருப்போம், வைக்காததே நல்லது. முதல் இரவு வந்த அந்த இருபது பேர் அவர்களுள் இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரியும்.

மே 15ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் கிருபாகரன், ஹேமலதா ஆகியோர், இத்தொழிலாளரின் நிலையைக் கண்டு கண்ணீரை அடக்க முடியவில்லை என்ற கருத்தை வெளியிட்டு, அரசுகளிடம் விளக்கம் கேட்டனர். நடக்க வேண்டாம், முகாமில் இருங்கள், இரயிலில் அனுப்புகிறோம், கட்டணத்தை அரசே ஏற்கும் என்று தமிழக அரசு கேட்டுக்கொண்டது. ஆந்திர அரசும் தன் எல்லையில் நடப்போருக்கு உணவும் பேருந்தும் கொடுக்க ஏற்பாடு செய்தது. மே 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தொழிலாளரிடம் இரயில், பேருந்துக் கட்டணம் வாங்கலாகாது என்று ஆணையிட்டது. உதவி வந்தது, நடந்தவர்கள் நடந்த பிறகே வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 1 கோடியே 4 இலட்சம் தொழிலாளர் சொந்த மாநிலம் திரும்பியிருந்தனர். வழியில் இறந்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு கணக்கு இல்லை என்பதே விடையாயிற்று. தாது வருடத்துக்கும் இதற்கும் 140 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. நடந்தவர் பெயர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நாமும் வந்தவர்களே

ஊரடங்கு தளர்ந்தது. செப்டம்பர் முதல் நாள் வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்பட்டன. ஆலைகளின் புகைபோக்கிகள் மீண்டும் புகைந்தன. போனவர்களில் பலர் திரும்பி வந்தனர். ஊரில் வேலை இருந்திருந்தால் முதலிலேயே வந்திருக்கமாட்டார்களே! இன்று ஞாயிறு காலைத் திருப்பலியில் கடைசி வரிசைகளுக்குப் பின்னால், சுவரோரமாக நிற்கும் இளைஞர்களைக் கவனித்திருப்பீர்கள். சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கட்டிலிருந்தும் வந்த ஆதிவாசிக் கத்தோலிக்கர். மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை விசுவாசிகள். நம் பாடல் அவர்களுக்குத் தெரியாது. சிலுவை அடையாளம் தெரியும். நற்கருணை வாங்க வரிசையில் கடைசியாக வருவார்கள்.

"அவங்க நம்ம பங்கு ஆளுங்களா சாமி?" என்று ஒரு சிறுவன் நம்மிடம் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு நம் பதிவேட்டின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். 1971ஆம் ஆண்டு சிப்காட் நிறுவனம் தோன்றி, பின்னர் இப்பகுதியில் ஆலைகள் எழத் தொடங்கிய காலத்தில், வந்தவாசிப் பக்கத்திலிருந்தும் திண்டிவனம், செங்கற்பட்டுப் பக்கங்களிலிருந்தும் தென்பாண்டிச் சீமையிலிருந்தும் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களே இப்பங்கின் முதல் குடும்பங்கள். ஓலைக் கொட்டகையில் முதல் பூசை கண்டவர்கள் அவர்கள். 'வெளியூர்க்காரர்' என்று அவர்களுக்கும் அன்று வீடு கொடுக்கத் தயங்கினர். இன்று அவர்களின் பேரப் பிள்ளைகள் இவ்வூர்க்காரர். ஐம்பது ஆண்டுகள் செய்த மாற்றம் இது. வந்தாரை வாழவைக்கும் நாடு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறோம். வந்தவர்களில் நாமும் உண்டு என்பதை மறந்துவிட்டுச் சொன்னால் அப்பெருமை பொருளற்றது.

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் பங்குப் பேரவை இரண்டு காரியங்களை முடிவு செய்துள்ளது. முதலாவது, ஆறு மாதத்துக்கு மேல் நம் எல்லைக்குள் தங்கி உழைக்கும் கத்தோலிக்கத் தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரும், விரும்பினால், நம் பங்குப் பதிவேட்டில் எழுதப்படும். அவர்கள் விருந்தினர் அல்லர், பங்கு மக்கள். இரண்டாவது, பள்ளிக் கூடத்தின் சாவிகளில் ஒன்று காவல்காரப் பெரியவரிடமே இருக்கும். இரவில் எவர் வந்து கேட்டாலும் திறக்க, அவர் நம்மைக் கேட்க வேண்டியதில்லை.

"விழா மலரில் இது எதற்கு?" என்ற கேள்விக்கு விடை இதுவே. யூபிலி என்பது விவிலியத்தில் கொண்டாட்டம் மட்டுமன்று. கடனைத் தீர்க்கும் ஆண்டு. போனவர் தம் நிலத்துக்குத் திரும்பும் ஆண்டு. நமக்கு ஒரு கடன் இருக்கிறது. அதை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அந்த இருபது பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்பதும் தெரியவில்லை. ஆகவே அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிறோம்.

அந்த ஒற்றைச் செருப்பை நாம் எறியவில்லை. ஆலயச் சரக்கறையில், பூசை உடுப்புகள் வைக்கும் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. நமக்குப் பின் வரும் குருவானவர் அதைக் கண்டு, இது என்ன என்று கேட்பாராயின், காவல்காரப் பெரியவர் சொல்லுவார். அவரும் இல்லையென்றால் இம்மலரைக் காட்டுங்கள்.

எம்மாவுசுக்கு நடந்தவர்களோடு வழிப்போக்கராய் வந்து கூட நடந்த ஆண்டவர், இருட்டிய பின் நம் கேட்டுக்கு வரும்போது நாம் விழித்திருக்க வரம் தருவாராக.